உமியோடு போகும் பணம்: அரிசி ஆலைப் பொயிலரைக் கவனிப்பது எப்படி?

கிளிநொச்சியில் அரிசி ஆலையொன்றில் பொயிலர் பார்க்கிறேன். போருக்குப் பின் கடன்பட்டுத் தொடங்கிய ஆலை அது. 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமி கிடைக்கும். சொந்த உமிதானே என்று கணக்கில்லாமல் எரித்தோம். மிஞ்சும் உமியை விற்கலாம் என்பது பிறகுதான் உறைத்தது.

முதலில் தண்ணீர். வீட்டுக் கேத்திலில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பு பொயிலர்க் குழாயிலும் படியும். வெப்பம் நீருக்குச் செல்லாது; குழாய் மிகையாகச் சூடேறி வெடிக்கும். எங்களுக்கு ஒருமுறை அப்படி நடந்து மூன்று நாள் வேலை நின்றது. தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கியே பொயிலருக்கு விடவேண்டும். அடியில் தேங்கும் கசட்டை அளவோடு திறந்துவிடவேண்டும். கூடினால் சூடும் வீண்.

அடுத்தது புகைபோக்கி. அதன் வெப்பநிலை 22 பாகை செல்சியஸ் குறைந்தால் ஏறத்தாழ 1 சதவீத எரிபொருள் மிஞ்சும். குழாய்க் கரியைக் கிரமமாகத் துடையுங்கள். காற்று கூடினால் சூட்டை அள்ளிச் செல்லும். குறைந்தால் கரும்புகை வரும். உமி நனையக்கூடாது.

உள்ளே விடும் நீரைப் புகையின் சூட்டால் 6 பாகை சூடாக்கினாலும் 1 சதவீதம் மிச்சம். நீராவிக் குழாய்களுக்கு வெப்பக்காப்பு உறை போடுங்கள்; கசிவை அன்றன்றே அடையுங்கள்.

ஒன்றை மறக்கவேண்டாம். கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் தெரியாவிட்டால் தண்ணீர் விடாதீர்கள். முதலில் நெருப்பை நிறுத்துங்கள். பாதுகாப்பு வால்வை ஒருபோதும் கட்டிவைக்காதீர்கள். மிச்சம் பிடிப்பது உமியில்தான், உயிரில் அல்ல.