ஆட்டக்களத்துப் பேராசிரியர்

கல்லூரி நாட்களில் பந்தாட்டத்தில் பெயர் பெற்ற இளைஞன், படிப்பு முடிந்தபின் என்ன ஆகிறான்? பெரும்பாலும் அவன் புகழ் கல்லூரிச் சுவரில் தொங்கும் புகைப்படத்தோடு நின்றுவிடுகிறது. அவ்வாறு நின்றுவிடாத ஒருவருடைய வரலாற்றை மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் அமெரிக்கரான அமோஸ் அலோன்சோ ஸ்டாக்.

ஸ்டாக் 1862-ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். யேல் பல்கலைக் கழகத்தில் பயின்று மதகுருவாக வேண்டும் என்பதே அவர் நோக்கம். மேடைப் பேச்சு தமக்குக் கைவராது என்று உணர்ந்ததும், இளைஞரை நல்வழிப்படுத்தும் அதே பணியை ஆட்டக்களத்தில் செய்யத் துணிந்தார். அமெரிக்கக் கால்பந்து நாம் ஆடும் கால்பந்து அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி, எதிரிகளின் மோதலைத் தாங்கி முன்னேறும் ஆட்டம் அது. 1889-இல் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர்கள் என்று தேர்ந்த பதினொருவரில் ஸ்டாக்கும் ஒருவர்.

யேலில் அவருக்கு ஆசிரியராயிருந்த வில்லியம் ரெயினி ஹார்ப்பர், புதிய சிக்காகோ பல்கலைக் கழகத்தின் தலைவரானார். 1892-இல் அது திறக்கப்பட்டபோது தம் மாணவரை அழைத்து, உடற்பயிற்சித் துறையின் தலைமையையும் பேராசிரியர் வரிசையில் ஓர் இடத்தையும் அளித்தார். பயிற்சியாளர் என்றால் பருவத்துக்கு அமர்த்தும் கூலியாள் என்று பலர் எண்ணிய காலம் அது. ஆட்டத்தைக் கற்பிப்பவனும் ஆசிரியனே என்று அந்த நியமனம் நாட்டுக்கு அறிவித்தது. ஸ்டாக்கின் வெற்றிகளைவிட இதனையே நான் பெரிதென மதிக்கிறேன்.

வெற்றிகளும் குறைவல்ல. நாற்பத்தொரு பருவங்களில் ஏழு முறை அவருடைய அணி தன் வட்டாரப் பட்டத்தை வென்றது. 1905-இல், ஐம்பத்தாறு ஆட்டங்களாகத் தோல்வியறியாத மிச்சிகன் அணியை 2-0 என்று வீழ்த்தியது. பார்வையாளர் பெருகினர், நுழைவுச் சீட்டு வருமானமும் பெருகியது. கல்விக்குத் துணையாக வந்த ஆட்டம், கல்விக்கே போட்டியாகிவிடுமோ என்ற ஐயமும் உடன் வளர்ந்தது.

எழுபது வயதில் ஓய்வு என்ற விதிப்படி 1932-இல் ஸ்டாக் பதவியை விட்டார். ஆனால் பணியை விடவில்லை. கலிபோர்னியாவின் பசிபிக் கல்லூரிக்குச் சென்று பதினான்கு பருவங்கள் பயிற்சி அளித்தார். 1943-இல், எண்பத்தோராம் வயதில், அவ்வாண்டின் சிறந்த பயிற்சியாளர் என்று சக பயிற்சியாளர்களே அவரைத் தேர்ந்தெடுத்தனர்.

சிக்காகோவிலோ நிலைமை தலைகீழாயிற்று. 1939-இல் அதே மிச்சிகனிடம் 85-0 என்று அதன் அணி தோற்றது. அப்போதைய தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், பல்கலைக் கழகத்தின் வேலை அறிவை வளர்ப்பதே என்று கருதியவர். அப்பருவம் முடிந்ததும் அந்த ஆட்டத்தையே நீக்கிவிட்டார். ஸ்டாக்கின் பெயர் தாங்கிய மைதானம் வெறிச்சோடியது. 1942 டிசம்பர் 2-ஆம் நாள், அதன் பார்வையாளர் மேடையின் கீழ், என்ரிகோ பெர்மியின் குழுவினர் அணுப் பிளவுத் தொடர்வினையை முதன்முதலாகக் கட்டுப்படுத்தி நடத்திக் காட்டினர். ஸ்டாக் 1965-இல் நூற்றிரண்டாம் வயதில் மறைந்தார்.

ஹார்ப்பர் சரியா, ஹட்சின்ஸ் சரியா? வரலாறு ஒரு விடையைத் தந்திருக்கிறது. 1969-இல் சிக்காகோவில் கால்பந்து முறைப்படி மீண்டது. ஆனால் ஆட்டத்துக்கென உதவித்தொகை கிடையாது. படிக்க வந்தவர்களே ஆடுகிறார்கள். பழைய மைதானம் இருந்த இடத்தில் இப்போது பெரியதொரு நூலகம் நிற்கிறது. ஆட்டத்தை ஒழிப்பதால் அறிவு வளர்ந்துவிடாது. ஆட்டத்தை விலைப்பொருளாக்கினால் கல்வி நிலைக்காது. ஆட்டக்களத்தையும் ஒரு வகுப்பறையாகக் கொண்டால், இரண்டும் வாழும்.