விருந்தினரின் வாதத்தில் நுழைந்த சான்று: மாண்டிசோரியின் 1949 நூலை மறுவாசித்தல்

மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் சென்னை அடையாறுக்கு வந்ததை, ஐரோப்பியக் கல்விமுறை ஒன்று இந்தியாவுக்கு இறக்குமதியான நிகழ்ச்சியாகவே ஆய்வாளர்களில் ஒரு சாரார் எழுதிவந்துள்ளனர். அவர்கள் பார்வையில் மாண்டிசோரி கொடுப்பவர், அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் பெறுபவர்கள். மழலைக் கல்வியில் நாடுகடந்த தொழில்முறை உறவுகளைப் பற்றிப் பேசும்போது இன்றும் இந்தச் சட்டகமே கைகொடுக்கிறது. அடையாறு தியசாபிகல் பதிப்பகம் 1949இல் வெளியிட்ட 'தி அப்சார்பென்ட் மைண்ட்' (உள்வாங்கும் மனம்) நூலின் ஒரு பகுதியைக் கூர்ந்து வாசித்தால் இச்சட்டகம் ஆட்டம் காணும் என்பது என் கருத்து.

மாண்டிசோரியின் போர்க்காலக் காவலுக்குப் பின் அகமதாபாத்தில் நடந்த முதல் பயிற்சி வகுப்பின் உரைகளே இந்நூலுக்கு அடிப்படை. குழந்தை தன் சூழலை உள்வாங்கித் தன் இயல்பாகவே ஆக்கிக்கொள்கிறது என்று நிறுவும் இடத்தில், விலங்குகள் வரை நீளும் இந்தியரின் உயிர்ப்பற்றை மாண்டிசோரி எடுத்துக்காட்டுகிறார். வளர்ந்துவிட்டவர்களுக்கு அத்தனை ஆழமான உணர்வு வாய்க்காது என்கிறார். எதிரே அமர்ந்திருந்தவர்களுக்குச் சொன்ன உபசார வார்த்தை என்று இதை ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அது பொருந்தவில்லை. ஒரு கருத்தை அறிவால் ஏற்பது வேறு, அது உணர்வில் ஊறிக் கிடப்பது வேறு என்பதே அவர் அங்கு நிறுவ வேண்டியது. அந்தச் சுமையைத் தாங்குவது இந்த எடுத்துக்காட்டுதான். மேலும், ஐரோப்பா திரும்பியபின் அவர் திருத்தி எழுதிய இத்தாலியப் பதிப்பை கிளாட் கிளேர்மான்ட் ஆங்கிலத்தில் பெயர்த்தார்; அதிலும் இப்பகுதி இருக்கிறது. வெறும் உபசாரமாக இருந்தால் இத்தாலிய வாசகருக்காக எழுதும்போது அது உதிர்ந்திருக்கும். ஒரு பகுதியைக் கொண்டு முழு நூலையும் அளந்துவிட முடியாதுதான். ஆயினும் இந்திய வாழ்க்கை அவருடைய கோட்பாட்டுக்குள் சான்றாகப் புகுந்திருக்கிறது என்று சொல்ல இது போதும்.

உள்வாங்கும் மனம் பற்றிய சிந்தனை அவருடைய முந்தைய எழுத்துகளிலேயே முளைவிட்டிருந்ததே என்று கேட்கலாம். உண்மை, கோட்பாட்டை இந்தியா தந்தது என்பது என் வாதமன்று, அதன் சான்றுப்பரப்பு இங்கு விரிந்தது என்பதே. எல்லாம் போரால் நேர்ந்த தற்செயல் என்ற மறுப்பு நெடுநேரம் நிற்காது. போர் அவர் தங்கலை நீட்டியது, அவ்வளவே. அவர் வருமுன்பே இங்கு களம் அமைந்திருந்தது: கல்வியாளர் கிஜுபாய் பதேகா 1920இலேயே பாவ்நகரில் பால மந்திர் என்னும் மழலைப் பள்ளியைத் தொடங்கிவிட்டார். தாராபாய் மோடக்கும் அவருமாக 1926இல் நூதன் பால் சிக்ஷண் சங்கத்தை நிறுவினர். அடையாற்றின் முதல் வகுப்பில் சுமார் 300 பேர் சேர்ந்தது இப்படிப் பண்பட்டிருந்த நிலத்தில்தான். நூலின் முகப்பில் ஒரே பெயர் இருப்பது ஏற்றத்தாழ்வைக் காட்டுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஏற்றத்தாழ்வு இருந்ததனாலேயே ஓட்டம் ஒருவழிப்பட்டது என்றாகிவிடாது. எடுத்துக்காட்டாக, கொடைக்கானலில் மாண்டிசோரியுடன் பணியாற்றிய இலங்கையரான லீனா விக்கிரமரத்ன பின்னாளில் அமெரிக்காவுக்குச் சென்று ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்.

ஆகவே, நாடுகடந்த தொழில்முறை உறவை மாநாடுகளின் எண்ணிக்கையாலும் ஒப்பந்தங்களாலும் அளப்பது போதாது. வந்தவரின் வாதத்தில் வரவேற்ற மண்ணின் குழந்தை சான்றாக இடம்பெற்றதா, அந்தச் சான்று அவர் ஊர் திரும்பிய பிறகும் நிலைத்ததா என்று கேட்க வேண்டும். இவ்விரண்டுக்கும் விடை கிடைக்காத பரிமாற்றத்தைக் கூட்டுறவு என்று அழைக்க நமக்கு ஆதாரமில்லை.