அணைக்கு ஒரு கணக்கு, லயத்துக்கு ஒரு கணக்கு

தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தடியில் நிற்கும் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டிகள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். முதலாம் உலகப் போர் மூண்டதும் பாலத்துக்கென்று ஒதுக்கிய இரும்பு போருக்குப் போய்விட்டதாம். உள்ளூர்க்காரர்கள் கல்லையும் செங்கல்லையும் சீமெந்தையும் மட்டும் வைத்துக் கட்டி முடித்தார்களாம். கேட்க நன்றாக இருக்கிறது. உள்ளூர்க் கைகளின் உழைப்புக்கு அதில் மரியாதையும் கிடைக்கிறது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கதையில் விட்டுப்போகிற ஒரு பாதி இருக்கிறது. 1921இல் முடிந்த அந்தப் பாலத்தின் வரைபடங்களையும் கட்டுமான விவரங்களையும் இலங்கைப் பொறியியல் சங்கம் 1923இல் அறிக்கையாக வெளியிட்டது. இலங்கையில் ஒரு கொங்கிரீட் ரயில் பாலம் கட்டப்பட்ட விதம் என்பதே அதன் தலைப்பு.

பாலம் 300 அடி நீளம், 80 அடி உயரம். இரும்பில்லாமல் அது நிற்பதில் மாயம் எதுவும் இல்லை. கொங்கிரீட்டை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பிளக்கும். அமுக்கத்தைத் தாங்கும் வலுவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இழுவையைத் தாங்கும் வலு. அதனால்தான் தட்டுக்கும் பீமுக்கும் கம்பி கட்டுகிறோம். வளைவு அப்படியல்ல. மேலே ரயில் ஓடும்போது பாரம் முழுக்க அமுக்கமாகவே வளைவு வழியாகக் கால்களுக்கு இறங்கிவிடும். அதைத் தெரிந்து, கணக்குப் போட்டு, எழுதியும் வைத்தவர்கள் கட்டிய பாலம் அது. அந்தப் பாலம் எழுந்த காலத்தில் என் கொள்ளுத்தாத்தா டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் குடியிருந்தார். அவருடைய லயத்தைப் பற்றி அப்படி ஒரு தாள்கூடக் கிடையாது.

நான் கட்டடப் பொருள் பரிசோதனை செய்து பிழைக்கிறவன். மலையகத்தின் கட்டுமான வரலாற்றை எங்கே திருப்பிப் பார்த்தாலும் இந்த வேறுபாடுதான் எனக்குத் தட்டுப்படுகிறது. இந்த மலையில் எது காசைக் கொண்டுவந்ததோ அதையெல்லாம் சோதித்தார்கள். அந்தக் காசை உழைத்துக் கொடுத்தவர்கள் படுத்துறங்கிய சுவரை யாரும் சோதிக்கவில்லை.

சோதனை என்பது இங்கே சீமெந்தோடு கூடவே வந்த பழக்கம். 1885இல் ரயில் நானுஓயாவை எட்டியது, 1924இல் பதுளையை. அந்தக் காலத்துச் சீமெந்து மரப் பீப்பாய்களில் அடைத்துக் கப்பலில் வரும். கடற்காற்று பட்ட பீப்பாய் ஈரம் குடித்துக் கட்டி தட்டிப்போகும். ஆகவே வந்த சரக்கை நம்பி அப்படியே கொட்ட முடியாது. 1904இல் பிரித்தானியா போர்ட்லண்ட் சீமெந்துக்கு முதல் தரநிர்ணயம் வெளியிட்டது. சீமெந்தைக் குழைத்து எட்டு வடிவ அச்சில் ஊற்றி, இறுகிய பிறகு இரு தலையையும் பிடித்து இழுப்பார்கள். இடுப்புப் பகுதி ஒரு சதுர அங்குலம். எத்தனை இறாத்தலில் அறுகிறது என்பதுதான் சீமெந்தின் தரம்.

1918ஆம் ஆண்டை நான் மறப்பதில்லை. அந்த வருடம் பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர, அதே பொறியியல் சங்கத்தின் முன் ஒரு கட்டுரை வாசித்தார். களனி கங்கையின் மேலாறுகளிலிருந்து இலங்கைக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று அதில் கணக்குக் காட்டினார். அதே வருடம் சிக்காகோவில் டஃப் ஏப்ரம்ஸ் தன் ஆய்வை வெளியிட்டார். கொங்கிரீட்டின் வலுவை எல்லாவற்றையும் விட அதிகமாகத் தீர்மானிப்பது சீமெந்துக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம் என்பது அவர் கண்டது. தண்ணீர் கூடினால் வலு குறையும். இந்த இரண்டு தாள்களும் பிற்பாடு எங்கள் ஊரில்தான் சந்தித்தன. 1950இல் லக்சபான மின்நிலையமும் நோட்டன் அணையும், 1965இல் காசல்ரீ, 1969இல் மவுசாகலை, 1983இல் கெனியன், 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை. தேயிலை மலைகளுக்கு நடுவே வரிசையாகக் கொங்கிரீட் சுவர்கள் எழுந்தன.

அணைக்கட்டு வேலைத்தளத்து ஆய்வுகூடத்தில்தான் நானும் தொழில் பழகினேன். கலவை லொறி வந்து நின்றதும் முதல் வேலை தளர்வுச் சோதனை. 12 அங்குல உயரமுள்ள இரும்புக் கூம்பு, மேல்வாய் 4 அங்குலம், கீழ்வாய் 8 அங்குலம். மூன்று தட்டாகப் போட்டு, ஒவ்வொரு தட்டையும் கம்பியால் 25 தடவை குத்தி, மேலே வழித்துவிட்டுக் கூம்பை நேராகத் தூக்க வேண்டும். கலவை உட்காரும். எவ்வளவு உட்கார்ந்தது என்று அடிமட்டத்தால் அளப்போம். அளவுக்கு மேல் உட்கார்ந்தால் யாரோ வழியில் தண்ணீர் விட்டிருக்கிறார் என்று அர்த்தம். லொறி திரும்பிப் போகும். பொறுப்பாளர் யாராக இருந்தாலும் சரி, அங்கே பேச்சுக்கு இடமில்லை.

அடுத்தது கட்டி. 150 மில்லிமீற்றர் சதுர அச்சில் வார்த்து, மறுநாள் கழற்றி, தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி வைப்போம். ஏழாம் நாள் சிலவற்றை, இருபத்தெட்டாம் நாள் மற்றவற்றை எடுத்துப் பொறியில் வைத்து அமுக்குவோம். சதுர மில்லிமீற்றருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டிய கொங்கிரீட் என்றால், அந்தச் சின்னக் கட்டி ஏறக்குறைய 57 தொன் பாரத்தைத் தாங்க வேண்டும். முள் ஏறிக்கொண்டே போகும். மூலைகளில் மெல்லிய கீறல் ஓடும். பிறகு ஒரு வெடிப்புச் சத்தம். நல்ல கட்டி உடையும்போது நான்கு பக்கமும் உதிர்ந்து, நடுவில் உடுக்கை மாதிரி இடை சிறுத்த துண்டு மிஞ்சும். ஒரு பக்கம் மட்டும் சரிந்து உடைந்தால் கட்டி சரியாக வார்க்கப்படவில்லை, அல்லது பொறியில் நேராக வைக்கப்படவில்லை. அந்த எண்ணை நம்பக் கூடாது.

மலைநாட்டில் இன்னொரு விஷயம் குளிர். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். வருடச் சராசரி 16 பாகை செல்சியஸ் அளவில்தான் நிற்கும். தை, மாசியில் சில விடியற்காலை புல்லில் உறைபனி படியும். சீமெந்து இறுகுவது ஓர் இரசாயன வேலை, குளிரில் அது மெதுவாகத்தான் நடக்கும். கொழும்பில் பழகிய ஒப்பந்தக்காரர் அங்கத்தைய நாள் கணக்கில் இங்கே முட்டுப் பலகையைக் கழற்றினால் தட்டு தொய்ந்துவிடும். தொட்டியில் வெதுவெதுப்பாகக் கிடந்த கட்டி நல்ல எண் காட்டும், வெளியே குளிரில் கிடக்கிற தட்டு அந்த வலுவை இன்னும் எட்டியிருக்காது. அதனால் சில கட்டிகளைத் தட்டின் பக்கத்திலேயே, அதே பனியில் போட்டு வைப்பது வழக்கம்.

அணைக்கு இத்தனை பார்த்தார்கள். லயத்துக்கு?

கோப்பிக் காலத்து லயம் மண்ணும் கம்பும், மேலே புல். தேயிலை வந்து நிலைத்த பிறகு கருங்கல் சுவரும் தகரக் கூரையும் வந்தன. முதுகோடு முதுகு ஒட்டிய காம்பராக்கள், ஒவ்வொன்றும் 10க்கு 12 அடி, முன்னால் ஓர் இஸ்தோப்பு. கல் நல்ல கல். எங்கள் மலைக் கருங்கல்லுக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் துரை பங்களாவுக்கும் தொழிற்சாலை அடித்தளத்துக்கும் கல்லுக்கிடையே சுண்ணாம்பும் சீமெந்தும் போக, எங்கள் பக்கத்து லயங்கள் பலவற்றில் கல்லுக்கிடையே வெறும் களிமண்தான். வெளிப்பூச்சு விழுந்து மழை உள்ளே இறங்கினால் மண் கரைந்து ஓடும், கல் தனியாக நிற்கும்.

என் அப்பா தோட்டத்து மேசன். அவரிடம் கூம்பும் இல்லை, அமுக்கும் பொறியும் இல்லை. ஆனால் சோதிக்காமல் எதையும் தொடமாட்டார். சீமெந்துப் பைக்குள் கையை விட்டுப் பார்ப்பார்: குளிர்ச்சியாக இருக்க வேண்டும், நெருடக் கூடாது. செங்கல் இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். நெஞ்சு உயரத்திலிருந்து போட்டால் உடையக் கூடாது. மணலை உள்ளங்கையில் தேய்த்து உதறுவார்.

“இங்க பாரு தம்பி, கையில சேறு ஒட்டுதா? இந்த மணல் சீமெந்தப் புடிக்காது. கழுவித்தான் போடணும்.”

“தண்ணி தூரமா இருக்கேப்பா.”

“தூரமா இருந்தா? ஆளுங்க படுக்கிற வீடுடா.”

பின்னாளில் ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாயில் மணலையும் உப்புத் தண்ணீரையும் குலுக்கி வைத்து, மேலே படியும் வண்டல் எத்தனை சதவீதம் என்று அளந்தபோது, அப்பாவின் உள்ளங்கை பார்த்ததையேதான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். வித்தியாசம் ஒன்றுதான். என் எண்ணுக்கு ஒரு லொறியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் இருந்தது. அப்பாவுக்கு அது இல்லை. லயத்துக்குக் கொடுத்த மணல் அதுதான் என்றால் அதில்தான் பூச வேண்டும். ஸ்டோரில் அவர் கேட்ட சீமெந்தில் பாதி கிடைத்த நாட்கள் உண்டு. பாதிச் சீமெந்தில் பூசிய சுவரைப் பார்த்து ‘மேசன் வேலை சரியில்லை’ என்று சொன்னவர்களும் உண்டு. அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

மஸ்கெலியாவில் ஒரு பெரிய சோதனை தானாகவே நடந்துகொண்டிருக்கிறது. மவுசாகலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தெரியும். சனம் கூட்டமாகப் போய்ப் பார்க்கும். அரை நூற்றாண்டுக்கு மேல் மூழ்கியும் எழுந்தும் அந்தத் தூண்களும் சுவர்களும் இன்னும் நிற்கின்றன. ஊர் சேர்ந்து சாமிக்கென்று கட்டும்போது பொருளில் கை வைக்கமாட்டார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்று தொழில் சம்பந்தப்பட்டது. நன்றாக இறுகிய சீமெந்து வேலை தண்ணீருக்குள் பத்திரமாகவே இருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு அதை அங்கே எளிதில் எட்டாது.

காற்றில் நிற்கும் கொங்கிரீட்டின் கதை வேறு. பழைய லயமொன்றில் பின்னாளில் சேர்த்த ஒரு கொங்கிரீட் தட்டின் ஓரத்தைக் கொஞ்சம் கொத்தி, அதில் பினோப்தலீன் கரைசலைத் தெளித்துப் பார்த்தேன். காரத்தன்மை உள்ள கொங்கிரீட் உடனே இளஞ்சிவப்பாக மாறும். கரியமில வாயு புகுந்த பகுதி நிறம் மாறாது. அன்றைக்கு நிறம் மாறாத பட்டை கம்பியையும் தாண்டி உள்ளே போயிருந்தது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் கம்பிக்குக் காவல் இல்லை. துரு பிடிக்கும், துரு வீங்கும், வீங்கினால் கொங்கிரீட்டைத் தள்ளிப் பிளக்கும். அந்தத் தட்டுக்குக் கீழேதான் ஒரு குடும்பம் அடுப்பு வைத்திருந்தது.

சுவர் மட்டும் வலுவாக இருந்தால் போதாது என்பதை 2014 ஒக்டோபர் 29 காட்டியது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் காலை வேளையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கொங்கிரீட், மண் இரண்டையும் சோதிக்கிற நிறுவனம். மண்சரிவு வலயப் படங்களையும் அதுதான் தயாரிக்கிறது. அதன் எச்சரிக்கை ஓர் ஆய்வு முடிவு. அணையில் அப்படி ஒரு முடிவு வந்திருந்தால் அன்றைக்கே வேலை நின்றிருக்கும். தோட்டத்தில் அது தாளாகவே கிடந்தது. அதற்குப் பிறகு வந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் கிடைத்தன. 2017 மே மாதம் நோர்வூட் கூட்டத்தில் பிரதமர் மோடி மேலும் 10,000 அறிவித்தார். ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு. இப்போது காணி பார்க்கும்போதே மண்சரிவு அபாயமும் பார்க்கப்படுகிறது. இது பெரிய மாற்றம். புளொக் கல்லை நான் சோதிக்கப் போகும்போது, வீடு கிடைக்கப்போகிற பெண்கள் சுற்றி நின்று “இந்தக் கல்லு நிக்குமா சேர்?” என்று கேட்கிறார்கள். அணைக்கட்டு வேலையில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. அங்கே பொறியியலாளர்கள் அறிக்கையை மட்டும் வாங்கிக்கொள்வார்கள்.

ஆனால் இன்னும் ஏராளமானோர் லயத்தில்தான் இருக்கிறார்கள். குடும்பம் பெருத்தால் இஸ்தோப்பை அடைத்து, பின்னால் ஒரு குசினி இறக்கி, அவரவர் கையால் கட்டிக்கொள்கிறார்கள். காணி உறுதி இல்லாதவர் வரைபடத்துக்கு அனுமதி கேட்டு எங்கே போவார்? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் சேவை செய்ய முடியாதபடி தடுத்து வைத்திருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். முப்பது வருடமாகத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் லயத்துச் சுவரை வந்து பார்க்கச் சட்டத்திலேயே வழி இருக்கவில்லை.

அண்மையில் நோர்வூட் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். கொழும்பில் வேலை செய்து சேர்த்த காசில் லயத்தோடு ஒட்டி ஓர் அறை போட வேண்டும், மேலே தட்டு வேண்டும் என்றார். பழைய கல் சுவரில் தட்டை ஏற்றவே கூடாது, உள்ளே மண் சாந்து, அமுங்கிவிடும் என்று சொல்லி, தனி அத்திவாரமும் நான்கு தூணும் போட வைத்தேன். பின்பக்க மண்மேட்டை வெட்டாமல் அறையை முன்னால் தள்ளினோம். மணலைக் கழுவினார்கள். தட்டு வார்த்த அன்று தண்ணீரை வாளி அளவில் எண்ணி ஊற்றினோம், ஆறு கட்டி எடுத்தோம். மூன்றைப் பேராதனையில் ஓர் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனோம். படிவத்தில் கோரியவர் பெயர் என்ற இடத்தில் அவர் தன் பெயரை எழுதினார். கட்டுமானம் என்ற இடத்தில் தோட்டம், டிவிசன், லயத்தின் இலக்கம். ஏழாம் நாள் முடிவு சதுர மில்லிமீற்றருக்கு 14 நியூட்டன். 20 எதிர்பார்த்த கலவைக்கு அது குறையில்லை. ஆனால் இது குளிர்காலம், தொட்டியில் கிடந்த கட்டியின் கணக்கு அது. மிச்சம் மூன்று கட்டியும் தட்டின் மேலேயே பனியில் கிடக்கின்றன. அவற்றை இருபத்தெட்டாம் நாள் உடைத்துப் பார்க்கும்வரை முட்டுப் பலகையில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.