பட்டியலும் வாழிடமும்: பெருங்குடிக் குப்பைக் கிடங்கை முன்வைத்துச் சில ஆய்வுக் குறிப்புகள்

தென்சென்னையின் குப்பை 1980களின் பிற்பகுதியிலிருந்து பெருங்குடியில் கொட்டப்பட்டுவருகிறது. அந்த இடம் ஊருக்கு ஒதுக்குப்புறமான தரிசு அன்று. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி. கிடங்கு லாரி லாரியாகப் பெருகி, சுமார் 225 ஏக்கரை விழுங்கியது. இத்தகைய விரிவாக்கத்தின்போது அருகிலுள்ள உயிரினங்களுக்கு நேரும் பாதிப்பை மதிப்பிட, பாதுகாக்கப்பட்ட இனங்களின் பட்டியல் ஒன்றைத் தொகுத்தால் போதும் என்பதே நடைமுறையில் வேரூன்றிய எண்ணம். பள்ளிக்கரணை போன்ற இடத்தில் பட்டியல் இரண்டாம்பட்சம். முதலில் அளக்கப்பட வேண்டியவை நீரின் போக்கும் பருவமும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

பட்டியல் மீதான பற்றுக்குச் சட்டமும் ஒரு காரணம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்யப்பட்ட திருத்தம் கண்ணாடி விரியனை முதல் அட்டவணையில் சேர்த்தது. அதை அடித்துக் கொல்வது கடுங்குற்றம். ஆனால் சரணாலய எல்லைக்கு வெளியே, அது ஒதுங்கும் சம்புப் புதரின்மீது குப்பை சரிவதை அதே அட்டவணையைக் காட்டித் தடுப்பது அரிது. அட்டவணை உயிரைக் காக்கிறது, இடத்தை அன்று. இடத்தைப் பற்றிப் பேசியவை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள்: ஈரநிலத்திலும் வெள்ளச் சமவெளியிலும் குப்பை நிரப்பிடம் கூடாது என்றன. எனினும் இது புதிய இடத்தைத் தேர்ந்தெடுப்பதை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட விதி. ஏற்கெனவே ஈரநிலத்துக்குள் அமர்ந்துவிட்ட கிடங்கு பக்கவாட்டில் நகர்வதை அது எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

பருவத்துக்கு வருவோம், சிக்கலின் கனம் இங்கேதான் இருக்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடுகளுக்கு மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவு போதும் என்பது நெடுநாள் வழக்கம். காற்றில் உள்ள தூசியை அளக்க அது பொருந்தலாம். பள்ளிக்கரணைக்கோ சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து நீர் வந்து சேர்வது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில். அந்த நீரை நம்பித்தான் நீலச்சிறகியும் கருவால் மூக்கனும் சேற்றுப் பூனைப்பருந்தும் வலசை வருகின்றன. அந்த மழைதான் குப்பை மேட்டுக்குள் இறங்கிக் கறுத்த கசிவுநீராக வெளியேறி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளம் கழிமுகத்துக்கும் போகிறது. வலசை, வெள்ளம், கசிவு மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் மாதங்களை விட்டுவிட்டு, மார்ச் முதல் மே வரை எண்ணிய ஆய்வு எதைக் கண்டிருக்கும்? வற்றிய குட்டையையும் பறவைகள் கிளம்பிப்போன வானத்தையும்தான். ‘குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை’ என்ற முடிவு அங்கே நாட்காட்டியிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. கிடங்கை ஒட்டியே ஆயிரக்கணக்கான பறவைகள் தெரிகின்றனவே, அப்படியென்றால் தீங்கு எங்கே என்று கேட்பார்கள். எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அன்று. ஆனால் கூட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கரும்பருந்து, காகம், உண்ணிக்கொக்கு ஆகியவற்றுக்குக் குப்பை மேடு ஓயாத பந்தி. மிதக்கும் இலைகளின்மேல் முட்டையிடும் நீளவால் இலைக்கோழிக்கு அங்கே எதுவும் இல்லை. மொத்த எண்ணிக்கை கூடியிருக்கும் வேளையிலேயே வாழிடம் சுருங்கிக்கொண்டிருக்கலாம். குப்பை தேடிவரும் தெருநாய்கள் தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கு என்ன செய்கின்றன என்பதை உச்சி வேளையில் எடுக்கும் கணக்கு காட்டாது.

அடுத்தது ஒப்பீட்டுக்கான தொடக்கப் புள்ளி. ஏற்கெனவே கெட்டுப்போன இன்றைய நிலையை அடிப்படையாக வைத்தால், கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு ஏக்கர் குப்பையும் அற்பமாகவே தோன்றும். ராம்சர் உடன்படிக்கை இந்தப் பொறியிலிருந்து வெளியேற வழி தருகிறது. அது இனங்களை மட்டும் கேட்பதில்லை. ஈரநிலத்தின் கூறுகள், அதில் நடக்கும் இயக்கங்கள், அது தரும் பயன்கள் ஆகியவை சேர்ந்த சூழலியல் தன்மை மாறுகிறதா என்று கேட்கிறது. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக் காடாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணை, 2022இல் 1,247.54 ஹெக்டேர் பரப்புடன் ராம்சர் தலமானது. ஐரோப்பிய நீதிமன்றம் 2004இல் வாடன்சே வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது: தலத்தின் முழுமைக்குக் கேடு நேராது என்பதில் அறிவியல் நோக்கில் நியாயமான ஐயம் எஞ்சியிருக்கும்வரை அனுமதி இல்லை. நிரூபிக்கும் சுமை திட்டத்தை முன்மொழிபவர்மீது விழுகிறது. நம் மதிப்பீடுகளில் ஐயத்தின் பலன் பெரும்பாலும் திட்டத்துக்கே போகிறது.

இன்று பெருங்குடியில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் பணி நடக்கிறது. இதை வெறும் துப்புரவாகக் கருதி மதிப்பீட்டுக்கு வெளியே நிறுத்துவது தவறு. பல ஆண்டுகளாக இறுகிய மேட்டைக் கிளறும்போது கசிவுநீரின் பாதையும் மாறும். எனவே மழைக்கு முன்னும் பின்னும் சதுப்பின் நீரைச் சோதிப்பது அப்பணியின் பகுதியாக இருக்க வேண்டும். மீட்கப்படும் நிலத்தை என்ன செய்வது என்பதில் என் நிலைப்பாடு வெளிப்படையானது: அது பூங்காவாகக்கூடாது, சதுப்புக்கே திரும்ப வேண்டும். அதை அளப்பதும் எளிது. தோண்டி முடித்த தரையின் மட்டம் பக்கத்துச் சதுப்பின் மழைக்கால நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் சம்பும் நாணலும் தாமே ஏறிவரும். மண் நிரப்பி மேடாக்கினால், எத்தனை மரக்கன்று நட்டாலும் அங்கே நீர் நிற்காது.