ஓலைநாயகம்
வணிகப் பக்கத்தில் ‘தலைமைத் தகவல் அதிகாரி’ என்று படித்ததும், 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் பொதுத் தகவல் அலுவலரே பலருக்கும் நினைவுக்கு வருகிறார். தலைமைத் தகவல் அதிகாரி வேறு. அமெரிக்காவில் வில்லியம் சின்னாட், வில்லியம் குரூபர் இருவரும் 1981இல் எழுதிய நூலால் பரவிய பதவிப்பெயர் இது; கணினிப் பிரிவைக் கவனித்தவரை நிர்வாகக் குழுவுக்குள் அழைத்த பெயர். இன்று புதிய தொழிலில் முதலிடுவதா என்பதிலும் அவர் சொல் எடுபடுகிறது. ‘அதிகாரி’யில் அந்த ஏற்றம் இல்லை; அதைத் தரும் சொல்லைப் பழைய ஆட்சிமொழியில் தேடலாம். சோழர் ஆவணங்களில் ‘திருமந்திர ஓலை’ அரசனின் வாய்மொழி ஆணையை எழுதியவர். அவருக்கு மேலே ‘ஓலைநாயகம்’. மந்திரம் அங்கே ஆலோசனை, அரசனின் சொல். ஓலையோ பனையேடாக இருந்து, கடிதமாகி, ஆணையாகி, பதவியாகவே உயர்ந்த சொல். செய்தியைக் காத்தவர் அரசவையிலும் இடம்பெற்றார் என்பதால், ‘தகவல்நாயகம்’ என்றே எழுத விரும்புகிறேன். ஆண், பெண் இருவருக்கும் அது பொருந்தும்.