நட்டத்தில் நம் பங்கு

சில மாதங்களுக்கு முன், என்னிடம் வரலாறு பயிலும் மாணவர் ஒருவர் ஒரு தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என் இல்லத்துக்கு வந்தார். அவருடைய தந்தையார் மளிகைக் கடை வைத்திருப்பவர். அவரது கார் குறுகிய சந்தொன்றில் திரும்புகையில் மதிற்சுவரில் உராய்ந்து கதவு நசுங்கிவிட்டது. இன்ஷூரன்ஸ் இருந்தமையால் பழுது பார்த்த செலவைக் கேட்டு எழுதினார்கள். பணம் வந்தது, ஆனால் முழுப் பணமும் வரவில்லை. கணக்குத் தாளில் பல வரிகள் இருந்தன. பழைய பாகங்களுக்குத் தேய்மானம் கழித்ததை அந்த இளைஞர் புரிந்துகொண்டார். அவர் மனத்தை உறுத்தியது ஒரே ஒரு வரிதான்: "கட்டாயக் கழிவு, ரூ.1,000."

"ஐயா, ஆண்டு தவறாமல் பணம் கட்டுகிறோம். நட்டம் வந்தவுடன், முதல் ஆயிரம் ரூபாயை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். இது என்ன நியாயம்?" என்று கேட்டார்.

அது கம்பெனியின் நிர்வாகச் செலவாக இருக்கும் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். அந்த விடை தவறு. தவறென்று அன்றிரவே எனக்குத் தெரிந்துவிட்டது. வரலாற்று ஆசிரியன் ஒருவன் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்ன குற்றத்துக்குக் கழுவாயாகவே இவ்விஷயத்தைத் தேடிப் படித்தேன். படித்ததில் சிலவற்றை நேயர்களாகிய உங்களுடன், குறிப்பாக மாணவ நண்பர்களுடன், இன்று பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

காப்பீடு இல்லாத காலத்தில் நட்டத்தை யார் சுமந்தார்கள் என்று முதலில் பார்ப்போம். 1666-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் விடியுமுன், லண்டன் மாநகரில் புட்டிங் லேன் என்னும் சந்தில், தாமஸ் ஃபாரினர் என்பவரின் ரொட்டிக் கடையில் தீப்பற்றியது. மர வீடுகள் நெருங்கி நின்ற நகரம்; காற்றும் பலமாக வீசிற்று. நான்கு நாட்களில் ஏறத்தாழ 13,200 வீடுகளும், 87 கோயிற்பற்று ஆலயங்களும், செயின்ட் பால் பேராலயமும் எரிந்து போயின.

தீ அணைந்த பிறகுதான் மற்றொரு துன்பம் தலைகாட்டியது. லண்டனில் பெரும்பாலோர் குத்தகை வீடுகளில் இருந்தனர். வீட்டைப் பழுது பார்த்து நல்ல நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு குத்தகைதாரனுக்கு என்று பல பத்திரங்கள் கூறின. வீடு எரிந்து சாம்பலான பின்னரும் வாடகை நின்றபாடில்லை; வீட்டை மீண்டும் கட்டித்தரும் கடமையும் அவன் தலைமேலேயே நின்றது. தொழிலும் உடைமையும் ஒருசேர இழந்த ஒருவன், இல்லாத வீட்டுக்கு வாடகையும் தந்து, அதே வீட்டைப் புதிதாகக் கட்டியும் தரவேண்டும்! சட்டத்தின் எழுத்துப்படி இது சரி. ஆனால் அவ்வெழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் லண்டன் மாநகர் மீண்டும் எழுந்திராது.

இதை உணர்ந்த பார்லிமெண்டு ஒரு தனி நீதிமன்றத்தை அமைத்தது. 1667 முதல் கிளிஃபோர்ட்ஸ் இன் என்ற இடத்தில் அது கூடிற்று. சர் மாத்யூ ஹேல் போன்ற பெரும் நீதிபதிகள் ஊதியம் கருதாது அங்கே அமர்ந்தனர். நிலக்கிழார் வாடகையைக் குறைக்க வேண்டும், குத்தகைக் காலத்தை நீட்டித் தரவேண்டும். குடியிருந்தவர் வீட்டைக் கட்டவேண்டும் என்ற முறையில் பல வழக்குகள் முடிந்தன. நட்டம் ஒருவர் மேலேயே விழாமல் இருவருக்கும் பகிரப்பட்டது. நன்றியறிதலாக அந்த நீதிபதிகளின் உருவப்படங்களை எழுதுவித்து, நகர மண்டபத்தில் மாட்டினார்கள். நீதிபதிகளுக்குப் படம் வைக்கும் அளவுக்கு மக்கள் மனம் குளிர்ந்தது என்றால், அவர்கள் தீர்த்த துன்பம் எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

எனினும், தீப்பிடிக்கும்போதெல்லாம் தனி நீதிமன்றம் அமைக்க முடியுமா? நிகோலஸ் பார்பன் என்பவர் வேறு வழி கண்டார். அவர் மருத்துவம் படித்தவர். ஆனால் நாடி பிடித்ததைவிட வீடு கட்டி விற்றதே மிகுதி. 1680-81-இல் அவர் தொடங்கிய தீக் காப்பீட்டு அலுவலகம் செங்கல் வீட்டுக்கு ஆண்டு வாடகையில் நூற்றுக்கு இரண்டரையும், மர வீட்டுக்கு ஐந்தும் பிரிமியமாக வாங்கியது. நாற்பது பவுன் வாடகையுள்ள செங்கல் வீட்டுக்கு ஒரு பவுன். அதே வாடகையுள்ள மர வீட்டுக்கு இரண்டு பவுன். ஆபத்துக்கு ஏற்ற விலை என்னும் கருத்து இந்தச் சிறு கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. பின்னர் 1696-இல் ஹாண்டு-இன்-ஹாண்டு என்ற சங்கமும், 1710-இல் சன் ஃபயர் ஆபீசும் தோன்றின. காப்பீடு செய்த வீடுகளின் சுவரில் உலோகத் தகடு பதித்து, தீயணைக்கத் தத்தம் ஆட்களையும் வைத்துக்கொண்டனர். தகடில்லாத வீடு எரிந்தால் இந்த ஆட்கள் கைகட்டி வேடிக்கை பார்த்தனர் என்று கதை சொல்வதுண்டு. கதை சுவையானதுதான், சான்றுதான் குறைவு.

இப்போது மாணவரின் ஆயிரம் ரூபாய்க்கு வருவோம். அதன் முன்னோரைத் தேடிச் சென்றால் நாம் வீட்டையும் வீதியையும் விட்டுக் கடலுக்குச் செல்ல நேர்கிறது.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எட்வர்டு லாயிடு என்பவர் லண்டனில் ஒரு காப்பிக் கடை நடத்தி வந்தார். கப்பல் தலைவர்களும் வணிகர்களும் அங்கே கூடுவர். கப்பலுக்கும் சரக்குக்கும் காப்பீடு வேண்டுவோர் ஒரு தாளில் விவரத்தை எழுதி நீட்ட, பணமுள்ளவர்கள் தாம் ஏற்கும் பங்கைக் குறித்து அதன் கீழ்க் கையெழுத்திடுவர். 1713-இல் லாயிடு மறைந்தார். பெயர் மட்டும் இன்றுவரை மறையவில்லை.

இவ்வாறு கையெழுத்திட்டவர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. கப்பல் மூழ்கினால் பணம் தருவதில் தகராறில்லை. ஆனால் தானியம் கடல் ஈரத்தில் முளை கட்டும், மீன் நாறும், உப்பு கரையும், பழம் அழுகும். பயணம் தோறும் சிறிதளவு கெடுவது இப்பொருள்களின் இயல்பு. கெட்டது அலையினாலா, சரக்கின் குணத்தினாலா என்று ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்து ஆராய்வதென்றால், ஆராய்ச்சிச் செலவு நட்டத்தை விழுங்கிவிடும். ஆகவே 1749-இல் பத்திரத்தின் அடியில் ஒரு குறிப்பைச் சேர்த்தார்கள். தானியம், மீன், உப்பு, பழம், மாவு, விதை ஆகியவற்றுக்கு ஏற்படும் பகுதிச் சேதத்துக்கு ஈடு இல்லை. சர்க்கரை, புகையிலை, சணல், ஆளிநார், தோல் ஆகியவற்றுக்கு நூற்றுக்கு ஐந்துக்குக் குறைந்த சேதத்துக்கு ஈடு இல்லை. மற்றச் சரக்குகளுக்கும் கப்பலுக்கும் மூன்றுக்குக் குறைந்தால் இல்லை. கப்பல் தரைதட்டினாலோ, எல்லாரையும் காக்கும் பொருட்டுச் சிலருடைய சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தாலோ இந்த விலக்கு செல்லாது.

இக்குறிப்பு நெடுங்காலம் வாழ்ந்தது. 1906-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் கடற்காப்பீட்டுச் சட்டத்தின் இணைப்பிலுள்ள மாதிரிப் பத்திரத்திலும் அதே மீனும் உப்பும் மாவும் இடம் பெற்றிருக்கின்றன.

ஆனால் இதில் ஒரு வழுக்கல் உண்டு, கவனித்தீர்களா? ஆயிரம் ரூபாய்ச் சர்க்கரையில் நாற்பத்தொன்பது ரூபாய்க்குக் கெட்டால் வணிகனுக்கு ஒரு காசும் இல்லை. ஐம்பது ரூபாய்க்குக் கெட்டால் ஐம்பதும் உண்டு. நாற்பத்தொன்பதில் நிற்கும் வணிகன் என்ன நினைப்பான்? இன்னும் ஒரு மூட்டை நனைந்தால் தேவலை என்றுதானே நினைப்பான்! நட்டத்தைத் தடுக்க வேண்டியவனே நட்டம் வளர வேண்டுமென்று விரும்பும் நிலை. வரம்பைத் தொட்டால் முழுவதும் தரும் முறைக்கு உரிய குறை இது.

எப்போதும் ஒரு தொகையைக் கழித்துவிட்டு மிச்சத்தைத் தரும் முறையில் இக்குறை இல்லை. ஐம்பது கழிவு என்றால், நாற்பத்தொன்பது கெட்டால் ஒன்றுமில்லை; ஐம்பது கெட்டாலும் ஒன்றுமில்லை; அறுபது கெட்டால் பத்து. எந்த இடத்திலும் திடீர்த் தாவல் கிடையாது. இன்று கார் பத்திரத்தில் காணும் கழிவு இந்த வகையைச் சேர்ந்தது. ஆகவே அந்த ஆயிரம் ரூபாய் கம்பெனியின் கூலி அன்று. நசுங்கல்கள், கீறல்கள் ஒவ்வொன்றுக்கும் ஆளனுப்பி மதிப்பிடும் செலவு பெருகாமல் காப்பது ஒரு பயன். சந்தில் திரும்பும்போது ஓட்டுநரின் கண்ணும் சற்று விழித்திருக்கச் செய்வது மற்றொன்று. எல்லாருக்கும் பிரிமியம் குறைவாக இருப்பது இவற்றின் விளைவு.

காப்பீடு செய்தவனுக்கும் நட்டத்தில் ஒரு பங்கு வேண்டும் என்ற எண்ணம் வேறு வழிகளிலும் சட்டத்தில் புகுந்தது. தமக்குத் தொடர்பே இல்லாத கப்பல்கள் மீது காப்பீடு வாங்கிவிட்டு, அவை மூழ்குமா என்று காத்திருந்தவர்கள் உண்டு; மூழ்கச் செய்தவர்களும் உண்டு. 1745-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமைத் தொடர்பில்லாக் கப்பற் காப்பீட்டைத் தடுத்தது. 1883-இல் நடந்த காஸ்டலேன்-பிரெஸ்டன் வழக்கையும் சொல்ல வேண்டும். லிவர்ப்பூலில் ஒரு வீட்டை 3,100 பவுனுக்கு விற்க உடன்படிக்கை ஆயிற்று. விற்பனை முடியுமுன் தீவிபத்து. விற்பவருக்குக் காப்பீட்டார் 330 பவுன் தந்தனர். வாங்குபவரும் பிறகு விலையைக் குறைக்காமல் கொடுத்துவிட்டார்! விற்றவருக்கு நட்டமே இல்லை. இருந்தும் 330 பவுன் கையில். அதைத் திருப்பித் தரவேண்டும் என்று நீதிமன்றம் தீர்த்தது. பட்ட நட்டத்துக்கு மேல் ஒரு காசும் ஆகாது என்பது கருத்து.

எதற்குக் காப்பு, எதற்கு இல்லை என்பது இன்னும் பெரிய கேள்வி. 1906 ஏப்ரல் 18 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரம் நடுங்கியது, பின் எரிந்தது. ஏறத்தாழ 28,000 கட்டடங்கள் அழிந்தன. மக்களிடம் இருந்தவை தீக் காப்பீட்டுப் பத்திரங்கள். நிலநடுக்கத்துக்குக் காப்பு இல்லை. கட்டடம் தீயினால் அன்றி வேறு காரணத்தால் இடிந்து விழுந்தால் அந்தக் கணமே பத்திரம் செல்லாது என்னும் விதியும் பலவற்றில் இருந்தது. வீடு முதலில் விழுந்ததா, எரிந்ததா? சாம்பல் மேட்டைப் பார்த்து யார் சொல்வது? வீடு விழுந்தவர்களிற் சிலர் தாமே தீ வைத்தனர் என்றுகூட அந்நாளில் பேசப்பட்டது. சில கம்பெனிகள் பேரம் பேசிக் குறைத்தன, சில திவாலாயின. லாயிட்ஸில் கத்பர்ட் ஹீத் என்பவர் மட்டும், பத்திரத்தின் வாசகம் எப்படி இருந்தாலும் தம் வாடிக்கையாளர் அனைவருக்கும் முழுத் தொகையும் தந்துவிடும்படி தந்தி கொடுத்தார். கருணை என்பர் சிலர். கணக்கு என்பர் சிலர். அமெரிக்காவில் லாயிட்ஸின் பெயர் அதனால் உயர்ந்தது என்பது உண்மை. எனக்கு இரண்டும் கலந்ததாகவே தோன்றுகிறது.

மோட்டார் வண்டி வந்த பின் மற்றொரு மனிதர் இந்தக் கணக்கில் நுழைகிறார். அவர் பிரிமியம் கட்டியவரும் அல்லர், பணம் வாங்கியவரும் அல்லர். வீதியில் நடந்து சென்றவர். பிரிட்டன் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவருக்கான காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதைச் சொல்லிற்று. அப்பகுதி 1946-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இன்று உள்ளது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். நான் முதலில் சொன்ன கட்டாயக் கழிவு நம் சொந்த வண்டியின் சேதத்துக்கு மட்டுமே உரியது. அடிபட்டவருக்குச் சேரவேண்டிய ஈட்டில் அந்த ஆயிரத்தைக் கழிப்பதில்லை. கவனக் குறைவு நம்முடையது. அதற்கு அவர் ஏன் பங்கு தரவேண்டும்?

இவற்றையெல்லாம் மறுமுறை வந்த மாணவரிடம் சொன்னேன். என் முந்திய விடை தவறு என்பதையும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டார். கட்டாயக் கழிவோடு, தாமாக விரும்பி ஏற்கும் கழிவும் உண்டு, அதை ஏற்றால் பிரிமியம் குறையும் என்றேன். "அப்பா இரண்டு ஆண்டில் மூன்று முறை உரசிவிட்டார், ஐயா; எங்களுக்கு அது கட்டாது" என்று அவர் உடனே கணக்குப் போட்டுவிட்டார்.

போகும்போது ஒன்று கேட்டேன். "கடைக்குத் தீக் காப்பீடு இருக்கிறதா? சரக்குக்கு எவ்வளவு தொகை எழுதியிருக்கிறீர்கள்?" ஏன் என்று கேட்டார். பத்து இலட்ச ரூபாய்ச் சரக்கை வைத்துக்கொண்டு ஐந்து இலட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்தால், மீதிப் பாதிக்கு நீங்களே காப்பீட்டார் என்று கொள்வது பழைய விதி. இரண்டு இலட்சத்துக்குச் சரக்கு எரிந்தால் ஒரு இலட்சம்தான் வரும் என்றேன். இந்தியாவில் 2021 முதல் வழங்கப்படும் பாரத் கிருஹ ரக்ஷா என்னும் வீட்டுப் பத்திரத்தில் இவ்விதியை விலக்கிவிட்டார்கள். கடைக்கு அந்தப் பத்திரம் பொருந்தாதே.

மறுநாள் காலையில் தொலைபேசியில் அழைத்தார். பெட்டியின் அடியிலிருந்து பத்திரத்தைத் தேடி எடுத்தார்களாம். அதில் எழுதியிருந்தது, அவர் பிறந்த ஆண்டில் கடை திறந்தபோது குறித்த தொகை.