அரிக்கமேட்டிலிருந்து அரெஸ்ஸோ வரை: ஒரு ரயில் வழி வரலாறு

இத்தாலிக்குத் தனியாகப் போகிறவர்களுக்கு வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ரோமில் கொலோசியம், வெனிஸில் படகு, பைசாவில் சாய்ந்த கோபுரம்... எல்லாரும் எடுக்கிற அதே போட்டோ. நான் சொல்லப்போவது வேறு வழி. நல்லவாட்டிலிருந்து பார்த்தால் மட்டும் தெரிகிற வழி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

புதுச்சேரிக்காரர்கள் பலருக்கு பிரான்சில் ஒரு மாமாவோ சித்தியோ இருப்பார்கள். அங்கே போகிறவர்கள் அப்படியே ரயிலேறி இத்தாலிப் பக்கம் வந்தால் நாலு ஊரில் இறங்கிப் பார்க்க வேண்டும். ஏன் அந்த நாலு? நம்ம அரிக்கமேட்டோடு கணக்கு வழக்கு வைத்திருந்த ஊர்கள் அவை. கிட்டத்தட்ட 2000 வருடத்துக்கு முந்தைய கணக்கு!

முதலில் அரிக்கமேடு. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், காக்காயந்தோப்புப் பக்கம் இருக்கிற மேடு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் குறிப்பு, நம்ம கரையில் 'பொதுகே' என்று ஒரு துறைமுகத்தைச் சொல்கிறது. அது இந்த இடம்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. 1937ல் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் இதன் முக்கியத்துவத்தைக் கண்டுகொண்டார். 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். பிறகு கசால், அதன்பின் 1989லிருந்து 1992 வரை விமலா பெக்லி குழு. கிடைத்தவை: ஒயின் ஜாடித் துண்டுகள், பளபளப்பான சிவப்புத் தட்டுகளின் ஓடுகள், கண்ணாடி மணிகள், தமிழ் பிராமி எழுத்து கீறிய பானை ஓடுகள்.

சரி, ரயிலேறுவோம்.

முதல் ஸ்டேஷன் அரெஸ்ஸோ. புளோரன்ஸிலிருந்து ரோமுக்குப் போகிற பாதையில் இருக்கிறது. முன்பதிவு தேவைப்படாத சாதாரண ரயிலிலேயே போகலாம். அந்தக் காலத்தில் சிவப்புத் தட்டுக்குப் பெயர்போன ஊர். அச்சில் வார்த்து, அடியில் பட்டறைக்காரர் பெயரை முத்திரை குத்தி விற்றார்கள். இன்றைக்கு நாம் பிராண்டு என்கிறோமே, அதேதான். அரிக்கமேட்டு ஓடுகளில் 'காமுரி', 'விபி' போன்ற முத்திரைகள் இருந்தன. இத்தாலியில் அந்தத் தட்டுகளின் காலம் தெரியும் என்பதால், அதை வைத்து இங்கே அதே அடுக்கில் கிடைத்த மற்ற பொருள்களின் காலத்தையும் வீலரால் சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கே அது ஒரு கடிகாரம் மாதிரி ஆனது. (இந்தத் தட்டுகள் எல்லாமே அரெஸ்ஸோவில் செய்தவை அல்ல என்று பின்னால் வந்த ஆய்வுகள் திருத்தின.) ஊர் மியூசியம் பழைய ரோமானிய அரங்கை ஒட்டியே இருக்கிறது. சிவப்புத் தட்டுகளை அங்கே முழுசாகப் பார்க்கலாம். நம்மிடம் துண்டுகள்தான்.

அடுத்து ரோம். பிரமிடே மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் நடந்தால் மோன்டே டெஸ்டாச்சியோ. சுமார் 35 மீட்டர் உயரக் குன்று. முழுக்க முழுக்க உடைந்த எண்ணெய் ஜாடிகளால் ஆனது! பெரும்பாலும் தெற்கு ஸ்பெயினிலிருந்து ஒலிவ எண்ணெய் வந்த ஜாடிகள். அவர்களுக்கும் ஒரு ஓட்டு மேடு, நமக்கும் ஒரு ஓட்டு மேடு. அரிக்கமேட்டிலும் ஸ்பெயின் ஜாடிகள் கிடைத்திருக்கின்றன. உப்பில் ஊறவைத்து வடித்த மீன் சாறுகூட வந்திருக்கிறது. கருவாடு காயப்போடுகிற கரைக்கே மீன் சாறு இறக்குமதி :-)

ஒயின் ஜாடிகளில் நிறைய கிரேக்கத்தின் கோஸ் தீவு வகை. அங்கே ரயில் போகாது. ஏதென்ஸ் பக்கத்து பிரேயுஸ் துறைமுகத்தில் கப்பல் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது பொத்சுவோலி. நேப்பிள்ஸிலிருந்து நகர ரயிலிலேயே போய்விடலாம். அன்றைக்கு இதன் பெயர் பூத்தியோலி. கிழக்குச் சரக்கு வந்து இறங்கிய பெரிய துறைமுகம். இந்தியச் சரக்கு செங்கடல் துறைமுகத்தில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி, நைல் நதியில் அலெக்சாந்திரியா போய், மறுபடி கப்பலேறி இங்கே வந்தது. இந்த ஊரின் பழைய சந்தையில் மூன்று தூண்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றில் கடல் சிப்பிகள் துளைத்த தடம் இருக்கிறது. நிலம் கடலுக்குள் இறங்கி மறுபடி மேலே வந்ததற்கு அதுவே சாட்சி.

நாலாவது நேப்பிள்ஸ். இங்கிருந்து சிர்க்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயில் பொம்பேய்க்குப் போகிறது. கி.பி. 79ல் எரிமலை மூடிய அந்த ஊரில் 1938ல் ஒரு தந்தச் சிலை கிடைத்தது. 'பொம்பேய் லட்சுமி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். லட்சுமியா யட்சியா என்பதில் இன்னும் சர்ச்சை. இப்போது நேப்பிள்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. இது தமிழ்நாட்டுச் சிலை அல்ல, தக்காணத்து வேலைப்பாடு என்கிறார்கள். ஆனாலும் இங்கிருந்து அங்கே போன சாமான் ஒன்றைக் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

சாமான் போனது சரி, ஆள் போனாரா?

போயிருக்கிறார். எகிப்தின் செங்கடல் கரையில் பெரனிகே துறைமுகத்தில் கிடைத்த ஓர் ஓட்டில் 'கொற்றன்' என்று தமிழ் பிராமியில் எழுதியிருக்கிறது. குசேர் அல் கதீமில் 'கணன்', 'சாதன்' என்ற பெயர்கள். பெரனிகேயில் ஒரு இந்திய ஜாடியில் 7.5 கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. கொற்றன் அதற்கு மேலே பூத்தியோலி வரை போனதற்குச் சான்று இல்லை. ஆனால் பாதி வழியில் தன் பெயரை விட்டுப்போன ஒரு தமிழனாவது உண்டு.

இப்போது நான் படிக்கிற பி.காம் பக்கம் வருகிறேன். இந்தியா வருடத்துக்கு 5 கோடி செஸ்டெர்ஸ் (ரோமானிய நாணயம்) உறிஞ்சுகிறது என்று பிளினி புலம்பினார். இதைப் பலரும் பெருமையாக மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் பேரேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் படித்தால் போதுமா? மறுபக்கம் வியன்னாவில் இருக்கிறது. 1985ல் வெளியான முசிறி பாப்பிரஸ், கி.பி. இரண்டாம் நூற்றாண்டு வணிக ஆவணம். ஹெர்மாபோலோன் என்ற ஒரே கப்பலின் சரக்கு மதிப்பு, வரி போக, சுமார் 69 லட்சம் செஸ்டெர்ஸ் என்று அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். இறக்குமதி வரி நாலில் ஒரு பங்கு. அப்படியானால் அந்த ஒரு கப்பலில் அரசுக்குக் கிடைத்தது சுமார் 23 லட்சம். அப்போது ரோமானியப் படைவீரனின் வருடச் சம்பளம் 1,200. கிட்டத்தட்ட 1,900 வீரர்களுக்கு ஒரு வருடச் சம்பளம் ஒரே கப்பலில்! புலம்பினாலும் கஜானா நிரம்பியது. இரண்டு பக்கமும் லாபம் பார்த்த வியாபாரம் இது.

நம் பக்கக் கணக்குப் புத்தகம் மட்டும் கிடைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, வீலர் இந்த இடத்தை 'இந்தோ-ரோமன் வணிக நிலையம்' என்றார். ரோமானியர் வந்தபிறகுதான் ஊரே உருப்பட்டது என்கிற தொனி அதில் இருந்தது. பெக்லியின் அகழாய்வு அதை மாற்றியது. ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது. அந்தச் சரக்கு குறைந்த பிறகும் இருந்தது. இங்கே செய்த சின்னக் கண்ணாடி மணிகளின் தொழில்நுட்பம் தென்கிழக்கு ஆசியா வரை போனது. ரோம் ஒரு பெரிய வாடிக்கையாளர், அவ்வளவுதான். கடை நம்முடையது.

இன்றைக்கு அரிக்கமேட்டுக்குப் போனால் கண்ணில் படுவது ஒரு செங்கல் சுவர். அதைப் பார்த்து 'ரோமானியர் கட்டியது' என்று போட்டோ எடுப்பவர்கள் உண்டு. அது 18ம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிகள் கட்டிய வீட்டின் மிச்சம். தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். அரெஸ்ஸோவில் தட்டுக்கு ஒரு மியூசியம், ரோமில் உடைந்த ஜாடிக் குன்றுக்கு வேலி. இங்கே தரைக்கு மேலே கதை சொல்ல எதுவும் இல்லாததால் தப்பான கதை சுலபமாக நிற்கிறது.

ஆகவே இத்தாலி டிக்கெட் எடுக்கும் முன் கடலூர் ரோட்டு பஸ்ஸில் ஏறி அரியாங்குப்பத்தில் இறங்குங்கள். மேட்டைப் பாருங்கள். பிறகு புதுச்சேரி மியூசியத்தில் ஓடுகளைப் பாருங்கள். அதற்கப்புறம் அரெஸ்ஸோவில் இறங்கினால் அந்த ஊர் உங்களுக்குப் புதுசாக இருக்காது. பழைய பார்ட்டியின் வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும்.